டைமிங் கவருக்குள் விடுபட்ட கார்க் வளையம்: 1986 புல்லட் ஒன்றைப் புதுப்பித்த கதை

பின்னணி

வண்டி ராயல் என்ஃபீல்டு புல்லட் ஸ்டாண்டர்டு, 346 சிசி, 1986-ல் திருவொற்றியூர் தொழிற்சாலையில் தயாரானது. வாங்கியவர் செய்யாறு பக்கம் மின்வாரியத்தில் வேலை பார்த்தவர். முழங்கால் வலியால் கிக் அடிக்க முடியாமல் போய், 2012 வாக்கில் வண்டியைக் கொட்டகையில் நிறுத்தினார். 2018-ல் அவர் காலமானார். அதன் பிறகும் நான்கு வருடம் அது வைக்கோலுக்குப் பக்கத்திலேயே நின்றது.

அதை எடுத்துப் புதுப்பிக்க முடிவு செய்தவர் அவருடைய மகன். வயது 33, தாம்பரத்தில் கணக்கு எழுதும் வேலை. அதற்கு முன் அவர் கழற்றியது சைக்கிள் சக்கரம் மட்டும்தான். இங்கே அவரை வண்டிக்காரர் என்றே சொல்கிறேன். அவர் வைத்திருந்த கணக்கு 60,000 ரூபாய், எட்டு மாதம். நவம்பரில் அப்பாவின் திதிக்கு அந்த வண்டியிலேயே ஊருக்குப் போக வேண்டும் என்பது ஆசை. இந்தத் தேதி பின்னால் நடந்த பலவற்றையும் தீர்மானித்தது.

நான் மெக்கானிக் இல்லை. பழைய வண்டிகளோடு பதினைந்து வருடப் பழக்கம் உண்டு, வாரக்கடைசியில் கூட நின்றேன். இதில் நடந்த தவறுகளில் ஒன்று என்னுடையது.

வந்து இறங்கிய அன்று பார்த்தவை

2022 பிப்ரவரியில் ஒரு குட்டியானையில் வண்டி வந்தது. டயர் இரண்டும் வெடித்திருந்தன, சீட்டை எலி தின்றிருந்தது, பெட்ரோல் டேங்க்குக்குள் டார்ச் அடித்தால் செம்மண் ரோடு மாதிரி துரு. ஆனால் கிக்கர் இறங்கியது. சிலிண்டரின் அழுத்தத்தைத் திறந்துவிடும் டீகம்ப்ரஸரைப் பிடிக்காமல் மிதித்தால் கால் அப்படியே நின்றது, அதாவது கம்ப்ரஷன் இருந்தது. பத்து வருடம் நின்ற வண்டிக்கு இது நல்ல அறிகுறி.

ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்தால் காய்ந்து கிடந்தது. வண்டிக்காரர் இரண்டு லிட்டர் வாங்கி ஊற்றக் கிளம்பினார், நிறுத்தச் சொன்னேன். இந்த இன்ஜினில் ஆயில் அடியில் தேங்கி நிற்பதில்லை. இன்ஜினின் அடிப்பெட்டியான கிராங்க்கேஸின் வார்ப்பிலேயே பின்பக்கம் தனி அறை இருக்கும். ஒரு பம்ப் அங்கிருந்து ஆயிலை உள்ளே தள்ளும், இன்னொன்று அடியில் சேர்வதைத் திரும்ப எடுத்துவரும். நாள்கணக்கில் நின்றால் அறையில் உள்ள ஆயில் பம்ப் வழியாகக் கசிந்து, பிஸ்டன் சுழற்றும் அச்சான கிராங்க் பக்கம் இறங்கிவிடும். அடிப் போல்ட்டைத் திறந்தோம், ஒன்றரை லிட்டர் அளவுக்குக் கறுப்பு ஆயில் வந்தது.

மண்ணெண்ணெய் நனைத்த துணியால் டேங்க்கைத் துடைத்தபோது தூசிக்கு அடியில் கறுப்புப் பெயிண்ட்டும் தங்க நிறக் கோடுகளும் தெரிந்தன. அந்நாளில் திருவொற்றியூரில் இந்தக் கோடுகளைத் தூரிகை பிடித்துக் கையால்தான் இழுத்தார்கள். டேங்க்கின் வளைவில் ஓரிடத்தில் கோடு ஒரு மயிரிழை தடித்திருந்தது, வரைந்தவர் அங்கே மூச்சு விட்டிருப்பார் போல.

முதல் முடிவு: ஸ்டார்ட் செய்யாமலே பிரித்தது

நான் சொன்னது எளிய வேலை. கார்பரேட்டரைக் கழுவு, டேங்க்குக்குப் பதில் ஒரு பாட்டிலில் இருந்து பெட்ரோல் கொடு, புது பிளக் போடு, தீப்பொறிக்கான பாயிண்ட்டைத் தேய்த்துச் சுத்தம் செய், புது ஆயில் ஊற்றி ஓட வைத்துப் பார். ஒரு வாரத்தில் முடிந்துவிடும்.

"எப்படியும் பிரிக்கத்தானே போறோம் அண்ணா, இப்ப எதுக்கு ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கணும்?" என்றார். அன்றைக்கு அது நியாயமாகத்தான் பட்டது. நானும் வற்புறுத்தவில்லை.

இந்த நிகழ்வில் மிகப் பெரிய செலவு வைத்த முடிவு இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். ஒரு தடவை ஓடிக் கேட்டிருந்தால் எந்தச் சத்தம் பழையது, எது புதியது என்று எட்டு மாதம் கழித்துச் சொல்லியிருக்க முடியும். அந்த வாய்ப்பை முதல் வாரத்திலேயே இழந்துவிட்டோம்.

பிரித்த இரண்டு வாரம்

வண்டிக்காரர் புதிதாக ஒரு ஸ்பேனர் செட் வாங்கியிருந்தார், முழுக்க மில்லிமீட்டர் அளவு. இந்த வயது புல்லட்டில் பல போல்ட்டுகள் பழைய பிரிட்டிஷ் அளவு. நம் பட்டறைகளில் இன்னும் நூல் கணக்கில்தான் கேட்பார்கள்: எட்டு நூல் ஒரு இன்ச், மூன்று நூல் போல்ட் என்றால் எட்டில் மூன்று இன்ச். கிட்டத்தட்டப் பொருந்துகிற மில்லிமீட்டர் ஸ்பேனரை மாட்டித் திருகியதில் ஏழு நட்டுகளின் மூலை மழுங்கியது. பக்கத்துப் பட்டறையில் இன்ச் ஸ்பேனர் இரவல் வாங்கிய பிறகுதான் வேலை நகர்ந்தது.

கழற்றிய போல்ட் எல்லாம் ஒரே பக்கெட்டுக்குள் போயின. செல்போனில் அறுபது எழுபது படம் எடுத்திருந்தார், பெரும்பாலும் தூரத்தில் இருந்து எடுத்தவை. எந்த ஸ்பேசர் எந்தப் பக்கம் என்று ஒன்றிலும் தெரியவில்லை.

இரண்டாவது ஞாயிறு நான் போகவில்லை. அன்று இன்ஜினின் வலது பக்கத்தில் கியர்களை மூடியிருக்கும் டைமிங் கவரைத் திறந்திருக்கிறார். உள்ளே கிராங்க்கின் மூக்கில் ஒரு வார்ம் நட்டு, அதாவது திருகுப் பல் வெட்டிய நட்டு இருக்கும். அதுதான் ஆயில் பம்ப்பைச் சுழற்றுவது. அது இடது மரை, கடிகார முள் போகிற பக்கம் திருப்பினால்தான் கழலும். இவர் வழக்கம்போல இடது பக்கம் திருப்பி, வராததால் ஸ்பேனரில் பைப் செருகி, கடைசியில் சுத்தியலும் எடுத்திருக்கிறார். வார்மின் முகம் நசுங்கியது. கவரின் உட்பக்கத்தில் "அழுகின ரப்பர் மாதிரி ஏதோ ஒட்டிட்டு இருந்தது, சுரண்டி எடுத்துட்டேன்" என்று போனில் சொன்னார். நான் பழைய பேக்கிங் என்று எண்ணி மேலே கேட்கவில்லை.

பெயிண்ட்டும் ஸ்பேரும்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஃபிரேமும் டேங்க்கும் ஒரே நாளில் பெயிண்டரிடம் போயின. டேங்க்கை வெளிப்பக்கம் தொட வேண்டாம் என்று வண்டிக்காரர் வாயால் சொன்னதாகச் சொல்கிறார், எழுதிக் கொடுக்கவில்லை. பெயிண்டர் தன் வேலையை ஒழுங்காகச் செய்தார்: ரிமூவர் போட்டு உரித்து, பட்டி பார்த்து, பளபளவென்று கறுப்பு அடித்து, தங்கக் கோட்டை ஸ்டிக்கராக ஒட்டிக் கொடுத்தார். கையால் இழுத்த கோடு போனது போனதுதான்.

டேங்க்கின் உட்பக்கத்தை மட்டும் நாங்களே பார்த்தோம். இரண்டு நாள் வினிகர், ஒரு பிடி பழைய நட்டுகள் போட்டுக் குலுக்கல், சோடா உப்புத் தண்ணீர், உடனே டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலந்த பெட்ரோலால் அலசல். கடைசிப் படியை விட்டால் மறுநாளே புதுத் துரு பிடிக்கும்.

ஸ்பேருக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்கு நாலு தடவை, புதுப்பேட்டைக்கு இரண்டு தடவை போனோம். பழைய இன்ஜின் பாகங்களைக் கையில் எடுத்துக்கொண்டு போனால் சரியான சாமான் கிடைத்தது. "86 மாடல்" என்று வாயால் கேட்டு வாங்கியவற்றில் பாதி பொருந்தவில்லை.

இன்ஜின் கட்டியது

டாப் வேலையைத் தாம்பரத்தில் ஒரு பட்டறையில் கொடுத்தோம். அங்கே மெக்கானிக்குக்கு அறுபது வயது இருக்கும், புல்லட் மட்டும் பார்ப்பவர். சிலிண்டரை முதல் ஓவர்சைஸுக்குப் போர் செய்து, அதாவது ஒரு படி பெரிதாகக் கடைந்து, புதுப் பிஸ்டன், வால்வ், கைடு, புது வார்ம். பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடைப் பிடித்து ஆட்டிப் பார்த்து, "மேல கீழ ஆட்டம் இல்ல தம்பி, பிக் எண்ட் நல்லாருக்கு, கிராங்க்கைப் பிளக்க வேண்டாம்" என்றார். பிக் எண்ட் என்பது அந்த ராடின் கிராங்க் பக்க முனை. யாரும் எதையும் எழுதி வைக்கவில்லை.

வண்டிக்காரர் ஒரு வேண்டுகோள் வைத்தார்: ஏதாவது ஒன்றையாவது தன் கையால் மூட வேண்டும். மெக்கானிக் டைமிங் கவரைக் கொடுத்தார். கியர்களின் குறிகளை அவரே பொருத்திக் காட்டினார், மூடுவதை மட்டும் வண்டிக்காரர் வீட்டில் செய்தார். பேக்கிங் சரியாக உட்கார்ந்தது, ஸ்க்ரூக்கள் வரிசையாக இறுகின. எல்லாம் முடிந்த பிறகு பேக்கிங் செட் வந்த பிளாஸ்டிக் பையில் ஒரு சின்ன வளையம் மிச்சம் இருந்தது. ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கும், கார்க்கால் ஆனது. செட்டில் எப்போதும் ஒன்றிரண்டு கூடுதலாகத்தான் இருக்கும் என்று நினைத்து, அந்தப் பையோடு ஆணியில் மாட்டிவிட்டார்.

செப்டம்பர் கடைசியில் வண்டி ஓடியது. ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை டீகம்ப்ரஸரைப் பிடித்து இறக்கி, பிறகு ஒரே மிதி. மூன்றாவது மிதியில் எடுத்தது. வண்டிக்காரருடைய அம்மா உள்ளேயிருந்து வந்து வாசற்படியில் நின்று கேட்டார், ஒன்றும் சொல்லவில்லை.

என் தவறு இங்கேதான். ஆயில் சுற்றுகிறதா என்று பார்க்க, வால்வுகள் இருக்கும் ஹெட்டுக்குப் போகும் ராக்கர் பைப்பின் போல்ட்டைத் தளர்த்தச் சொன்னேன். ஆயில் நன்றாக வடிந்தது. "ஆயில் வருது, தாராளமா ஓட்டு" என்றேன்.

63 கிலோமீட்டர்

புது பிஸ்டன் என்பதால் 45-க்கு மேல் போகக் கூடாது என்று முடிவு. மூன்று நாள்களில் 63 கிலோமீட்டர். மூன்றாம் நாள் வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் மேம்பாலம் ஏறும்போது அடியில் இருந்து கனமாக டொக், டொக் என்று ஒரு சத்தம். ஆக்சிலரேட்டரைக் குறைத்தால் அடங்கியது, பாரம் ஏறினால் திரும்ப வந்தது.

வீட்டுக்கு ஓட்டியே வந்துவிட்டார். முதலில் வால்வைத் தள்ளும் டேப்பெட்டின் சத்தம் என்று நினைத்தோம். புஷ்ராட் விரலால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது, அப்படி வைத்துப் பார்த்தோம், சத்தம் அப்படியே. அடுத்து இக்னிஷன் டைமிங் முந்திவிட்டதோ என்று பாயிண்ட்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளினோம். சத்தம் சற்றுக் குறைந்த மாதிரி இருந்தது, அது மனப்பிரமை. "பழைய புல்லட் இப்படித்தான் கத்தும்" என்று தெருவில் ஒருவர் சொன்னதும் ஆறுதலாக இருந்தது.

திதிக்கு ஐந்து வாரம் இருந்தது. வண்டிக்காரர் ஓட்டிப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். மெக்கானிக்கை வீட்டுக்கே அழைத்தோம். நீள ஸ்க்ரூடிரைவரின் முனையைக் கிராங்க்கேஸில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். அரை நிமிடம் ஆகியிருக்காது. "ஆஃப் பண்ணு தம்பி. இனி கிக் அடிக்காதே" என்றார். ராட் உடைந்தால் கிராங்க்கேஸே ஓட்டையாகும், அதற்கு மாற்றுக் கிடைப்பது பெரும்பாடு. நிறுத்தினோம். அன்று நிறுத்தியது மட்டும்தான் இந்த வேலையில் சரியான நேரத்தில் எடுத்த முடிவு.

திறந்து பார்த்தபோது

சிலிண்டரைக் கழற்றியதும் ராடைப் பிடித்துத் தூக்கினால் கண்ணுக்குத் தெரியும் அளவு மேலும் கீழும் போனது. இந்தக் கால புல்லட்டில் பிக் எண்டில் உருளை பேரிங் கிடையாது, கிராங்க் பின்னின் மேல் எண்ணெய்ப் படலத்தில் மிதக்கிற புஷ்தான். படலம் இருக்கும்வரை பல்லாண்டு உழைக்கும், இல்லையென்றால் உலோகம் உலோகத்தைத் தின்னும். புஷ்ஷின் உட்பக்கம் நீலம் பாய்ந்து, நகத்தால் தொட்டால் தட்டுப்படுகிற கீறல்களோடு இருந்தது.

பிறகு டைமிங் கவர். கவரில் இருந்து கிராங்க்கின் மூக்கு வழியாகத்தான் பிக் எண்டுக்கு ஆயில் போகிறது. நிற்கிற கவருக்கும் சுழல்கிற கிராங்க்குக்கும் நடுவே ஆயில் வெளியே சிந்தாமல் அடைத்துக் கொடுப்பது அந்தக் கார்க் வளையம். அது இல்லை. இருக்க வேண்டிய பள்ளம் சுத்தமாகத் துடைத்து வைக்கப்பட்டிருந்தது.

பழைய வளையம்தான் பிப்ரவரியில் சுரண்டி எடுத்த "அழுகின ரப்பர்". புதியது ஆணியில் தொங்கியது.

என் சோதனை ஏன் ஏமாற்றியது? ராக்கருக்கு ஆயில் போவது, அடியில் சேர்வதைத் திரும்ப எடுத்துவரும் பம்ப்பில் இருந்து. வளையம் இல்லாததால் பிக் எண்டுக்குப் போக வேண்டிய ஆயில் டைமிங் அறையிலேயே சிந்தி, அடிக்கு இறங்கி, அந்தப் பம்ப்புக்கே போய்ச் சேர்ந்தது. ஆகவே ராக்கர் பைப்பில் தாராளமாக வரத்தான் செய்யும். பிக் எண்ட் காய்ந்துகொண்டிருக்கும்போது நான் ஹெட்டில் ஆயிலைப் பார்த்து மகிழ்ந்திருக்கிறேன்.

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. டைமிங் கவரின் அடியில் இருக்கும் ஃபில்டர் அறை நிரம்பிய பிறகுதான் ஆயில் பிக் எண்டுக்குப் போகும். அறையைக் காலியாக வைத்து மூடியிருந்தோம். முதல் சில நிமிட ஓட்டம் அதனாலும் வறட்சியாகத்தான் இருந்திருக்கும்.

பிக் எண்ட் முன்பே தேய்ந்திருந்தது என்று வண்டிக்காரர் சில நாள் வாதிட்டார், மெக்கானிக் இல்லவே இல்லை என்றார். நான் மெக்கானிக்கை நம்புகிறேன். ஆனால் நிரூபிக்க எங்களிடம் ஒன்றும் இல்லை. பிரிப்பதற்கு முன் அந்த இன்ஜின் ஓடி யாரும் கேட்கவில்லையே.

மறுபடி கட்டியது

திதிக்கு அவர் பஸ்ஸில் போனார்.

லேத்துக்காரர் கிராங்க்கைப் பிளந்து புது பின், புஷ், ராட் போட்டு, இரண்டு சென்டருக்கு நடுவே பிடித்து டயல் வைத்து நேர் பார்த்தார். அவரிடம் வரிசை இருந்ததால் ஆறு வாரம். இந்த முறை கவரை மூடும் முன் மூவரும் நின்று பார்த்தோம். வளையத்தை ஒரு இரவு ஆயிலில் ஊற வைத்து, பள்ளத்தில் உட்கார வைத்து, கவரை ஸ்க்ரூ இல்லாமல் கையால் பொருத்தினோம். வளையம் கிராங்க் மூக்கைத் தொட்டு, கவர் ஒரு மெல்லிய இடைவெளியில் நின்றது. அந்த இடைவெளி தெரிந்தால்தான் வளையம் அழுந்தி அடைக்கும். ஃபில்டர் அறையை ஆயிலால் நிரப்பி, டீகம்ப்ரஸரைப் பிடித்துக்கொண்டு ஐம்பது அறுபது தடவை மெதுவாகக் கிக்கரை இறக்கினோம். டைமிங் கவரில் பிக் எண்ட் பாதைக்கு உரிய பிளக்கைச் சற்றே தளர்த்தி ஆயில் கசிவதையும் பார்த்தோம். ஆனால் வளையம் இல்லாவிட்டாலும் அங்கே கொஞ்சம் கசியத்தான் செய்யும். வளையம் இருக்கிறதா என்பதை மூடும் முன் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

2023 பிப்ரவரியில் திரும்ப ஓடியது. மொத்தச் செலவு 1,12,000 ரூபாய். அதில் இரண்டாவது தடவை இன்ஜினுக்குப் போனது 21,000. இந்தக் கணக்கில் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் இல்லை.

ஆர்.சி. மாற்றியது

வண்டி அப்பா பெயரில். பதினைந்து வருடப் பதிவு எப்போதோ காலாவதி. உரிமையாளர் இறந்தால் மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். நான்கு வருடம் தாண்டியிருந்தது. வாரிசுச் சான்றிதழ், அம்மாவிடமும் தங்கையிடமும் சம்மதக் கடிதம், புதுப்பிக்கப் படிவம் 25, அபராதம், பசுமை வரி, இன்ஷூரன்ஸ் என்று அலைந்தார்.

ஆய்வுக்கு வண்டியைக் கொண்டுபோன அன்று இன்னொரு சிக்கல். சேசிஸ் நம்பரின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் ஒன்றும் விழவில்லை. எண்களின் பள்ளத்தைப் பட்டி நிரப்பி, மேலே அழகாகப் பெயிண்ட் இருந்தது. திரும்பி வந்து, அந்த இடத்தை மட்டும் ரிமூவரும் பல் துலக்கும் பிரஷ்ஷும் வைத்து அரை நாள் தேய்த்து எடுத்தோம். ஆகஸ்டில் ஐந்து வருடத்துக்குப் பதிவு கிடைத்தது.

இன்னொரு முறை என்றால்

பேப்பர் வேலையை முதலில் தொடங்குவோம். இன்ஜினோடு அது சேர்ந்தே நடக்கும், ஆறு மாதம் மிச்சம்.

வண்டியை ஒரு முறையாவது ஓட வைத்து, பத்து நிமிடச் சத்தத்தைச் செல்போனில் பதிந்து வைத்த பிறகுதான் ஸ்பேனரை எடுப்போம். ஓடவே மாட்டேன் என்கிற வண்டிக்கு இது பொருந்தாது, இது அப்படிப்பட்ட வண்டி இல்லை.

முழுதாகப் பிரிப்பதே இங்கே தேவைதானா என்பதிலும் எனக்குச் சந்தேகம். ஃபிரேமில் துரு மேலோட்டமாகத்தான் இருந்தது. டயர், பிரேக், வயரிங், டேங்க்கின் உட்பக்கம், கார்பரேட்டர், இவற்றோடு ஒரு வருடம் ஓட்டிவிட்டு முடிவு செய்திருக்கலாம். வண்டிக்காரர் இதை ஒப்புக்கொள்வதில்லை. பிரித்ததால்தான் கற்றேன் என்கிறார், அதிலும் நியாயம் இருக்கிறது.

எதையாவது மூடிய பிறகு ஒரு சாமான் மிச்சம் இருந்தால், அது என்ன என்று பெயர் தெரியும்வரை கிக் அடிப்பதில்லை. செட்டில் கூடுதலாக இருக்கலாம்தான். கடைக்காரரிடம் காட்டினால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

என் பங்குக்கு: ஆயில் வருகிறதா என்று பார்ப்பதற்கு முன், நான் பார்க்கிற குழாய் எந்தப் பம்ப்புடையது என்று படத்தை விரித்துப் பார்க்கிறேன்.

2023 நவம்பரில் அவர் அந்த வண்டியிலேயே செய்யாறு போய் வந்தார். இதுவரை ஓடியது 2,400 கிலோமீட்டர். பிரைமரி செயின் கவர் பக்கம் சொட்டுச் சொட்டாக ஆயில் ஒழுகுகிறது, கீழே ஒரு பழைய தட்டு வைத்திருக்கிறார். டேங்க்கில் ஸ்டிக்கர் கோடு ஒரு ஓரத்தில் உரியத் தொடங்கியிருக்கிறது. கையால் கோடு போடுகிற ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறார்.